பதினான்காம் பிரிவில் ஒரு பிணம்

பிணத்தின் காதில் பென்சில் செருகியிருந்தது.

காகிதக் கிடங்கின் கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது அந்தப் பென்சிலைத்தான். அப்புறம் காது. அப்புறம் முகம். அப்புறம்... தலைக்கடியில் சிமெண்ட் தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்த சிவப்பு.

"அண்ணா..."

பக்கத்தில் அலுமினிய ஏணி சாய்ந்து கிடந்தது. மேல்தட்டுக் கோப்புகள் அவர் மார்பின் மேல் சரிந்திருந்தன.

பகல் ஒன்றே கால். சட்டமன்றக் கட்டடம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளை. மூன்றாம் மாடியில் ஈ காக்கை இல்லை.

அவள் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவதை ஒரு வார்த்தை சிந்தாமல் நோட்டில் பிடிப்பவள். செத்துக் கிடந்தவருக்கும் அதே வேலை. பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலி. எந்நேரமும் காதில் பென்சிலோடு அலைந்ததால் அலுவலகமே அவரை 'பென்சில்' என்றுதான் கூப்பிடும். அவளுக்கு மட்டும் அண்ணன்.

கத்த நினைத்தாள். அதற்குள்...

ட்ர்ரிங்...

சுவரோரத்து இன்டர்காம்.

ட்ர்ரிங்...

கை தானாகப் போய் எடுத்தது. ஹலோ சொல்ல நாக்கு எழவில்லை. அதுதான் அவளைக் காப்பாற்றியது.

மறுமுனையில் ஒரு கிசுகிசுப்பு. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத கிசுகிசுப்பு.

"நோட்டு கிடைச்சுதா?"

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? அந்த ஆள்கிட்ட நோட்டு இருந்துச்சா, இல்லையா?"

ரிசீவரைப் பூப்போல வைத்தாள்.

இன்டர்காம்... அப்படியென்றால் பேசிய ஆள் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார். போனை எடுத்தது கொலைகாரன் என்று நினைத்துப் பேசியிருக்கிறார். அப்படியென்றால் இது ஒருவர் செய்த வேலையில்லை. இரண்டு பேர்!

அவர்கள் தேடும் நோட்டு எங்கே என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் தோள்பையில். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.

காலையில் நடந்தது இதுதான்.

பதினோரு பேர் கொண்ட சட்டமன்றக் குழு ஒன்று இரண்டு மசோதாக்களை அலசிக்கொண்டிருந்தது. ஒன்று, பெரிய கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்து மாநிலத்துக்கு வரவழைக்கும் மசோதா. இன்னொன்று நுகர்வோர் பாதுகாப்பு. வாங்கிய பொருள் கோளாறாக இருந்தால் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போக வழி செய்வது.

சிக்கல் முதல் மசோதாவின் பதினான்காம் பிரிவில் இருந்தது. இங்கே ஆலை திறக்கும் எந்தக் கம்பெனி மீதும் வாடிக்கையாளர் வழக்குப் போட முடியாது என்றது அந்தப் பிரிவு. அது நின்றால் இரண்டாவது மசோதா பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்.

தண்ணீர் ஹீட்டர் செய்யும் ஒரு கம்பெனி, 'பிரிவு இருந்தால் வருகிறோம், இல்லாவிட்டால் பக்கத்து மாநிலம்' என்று சொல்லிவிட்டது. வந்தால் ஆயிரம் பேருக்கு வேலை. கம்பெனியின் ஆள் ஒருவர் ஒரு வாரமாகச் சட்டமன்ற வராந்தாவில் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டே நடமாடினார். எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர்.

பிரிவு வேண்டும் என்று மேசையைத் தட்டியவர் மில்காரர். நூல் மில் முதலாளி. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். கூடவே கூடாது என்று முழங்கியவர் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து. நடுவில் குழுத் தலைவர். அவர் எந்தப் பக்கம் என்பது அவருக்கே தெரியாது.

இன்று மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு.

சுருக்கெழுத்தாளர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்காருவார்கள். காலையில் முதல் முறை பென்சிலுடையது. பத்தரைக்கு அவரை மாற்றப் போனபோது நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தங்கச்சி, இதை உன் பையில போட்டுக்க. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்."

சொல்லவே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். ஒன்று ஐம்பதுக்குக் கேஸை முடித்துவிட்டார்.

"ஏணியில ஏறியிருக்கார். வழுக்கிடுச்சு. இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

"சார், அவருக்கு ரெண்டு முட்டியும் போச்சு. பஸ் படி ஏறவே யாராவது கை கொடுக்கணும். மேல்தட்டுல எது வேணும்னாலும் என்னைத்தான் ஏறச் சொல்வார்."

"இன்னிக்கு நீங்க பக்கத்துல இல்ல. அவரே ஏறிட்டார்."

வாசலில் கூட்டம். கூட்டத்தில் கோட்டுக்காரர். மூக்கில் கைக்குட்டை.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார்.

ஆனால் அவர் கண் பிணத்தின் மேல் இல்லை. அவள் முகத்திலும் இல்லை.

அவள் தோள்பையில் இருந்தது.

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நடை ஓட்டமானது. இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறை. கடைசிக் கதவு. தாழ்ப்பாள்.

நோட்டைப் பிரித்தாள்.

அவர் கோடுகளை அவரைத் தவிர வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பக்கத்தின் தலையில் 9.50 என்று நேரம். குழு கூடியதோ பத்து இருபதுக்கு. ஆக, ஆட்கள் வருமுன்பே அவர் மூலையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்திருக்கிறார். அறையில் பேசிய இருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. நாற்காலி, மேசை, மின்விசிறி, சுருக்கெழுத்தாளர்... எல்லாம் ஒன்றுதானே?

'கோ' என்றால் கோட்டுக்காரர். 'உ' என்றால் உறுப்பினர்.

கோ: பழைய மாடல் நாலு ஊர்ல வெடிச்சிடுச்சு. ரெண்டு பேர் போயிட்டாங்க. மிச்ச ஸ்டாக்கை இங்கதான் தள்ளிக்கிட்டிருக்கோம். பதினாலாம் பிரிவு போச்சுன்னா நாங்க காலி.

உ: பிரிவு நிக்கும். நான் பார்த்துக்கறேன். ஆனா ஃபேக்டரி என் தொகுதிக்குத்தான் வரணும்.

அவ்வளவுதான்.

யார் அந்த 'உ'? குழு கூடிய பிறகென்றால் நாற்காலி எண்ணைச் சேர்த்து எழுதுவார். இதில் எண் இல்லை. வெறும் 'உ'.

திடீரென்று அவளுக்கு வேறொன்று உறைத்தது. இங்கதான் தள்ளிக்கிட்டிருக்கோம்... போன மாதம்தான் அவள் வீட்டுக் குளியலறையில் அந்தக் கம்பெனி ஹீட்டரை மாட்டினார்கள்!

செல்போனை எடுத்தாள். வீட்டுக்கு அடித்தாள்.

"என்னங்க... ஹீட்டர் ஸ்விட்சைப் போடாதீங்க."

"இப்பதான் போட்டேன். ஏன்?" என்றார் கணவர்.

"அணைங்க. முதல்ல அணைங்க. பாத்ரூம் பக்கமே போகாதீங்க."

"அப்போ நான் எப்படிக் குளிக்கறது?"

"குளிக்காதீங்க. இத்தனை நாள் தினமுமா குளிச்சீங்க?"

வெளியே காலடிச் சத்தம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டக்... டக்... டக்...

கதவுக்கடியில் இரண்டு ஷூக்கள் வந்து நின்றன. பளபளக்கும் பழுப்பு நிற ஷூக்கள். ஆண் ஷூக்கள்.

தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்தது.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கத்தினால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் வருவது யார்? போன் பேசிய அந்த இன்னொரு ஆளா?

தாழ்ப்பாள் இன்னொருமுறை அசைந்தது. திருகாணி ஒன்று கழன்று தரையில் விழுந்தது.

"யோவ், கண்ணு தெரியல? இது லேடீஸு."

துப்புரவு அம்மாவின் குரல். கூடவே வாளி தரையில் வைக்கப்படும் ஓசை.

"சாரி... தப்பா வந்துட்டேன்."

"வாசல்ல படம் போட்டிருக்கே, அதைப் பார்த்துமா தப்பா வந்தே? கோட்டு போட்டா போதுமா?"

ஷூக்கள் விலகின.

அவள் பத்து நிமிஷம் அசையவில்லை. வெளியே வந்தபோது துப்புரவு அம்மா துடைப்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"போயிட்டான். நீ போ தாயி. நான் இங்கேயே நிக்கறேன்."

வராந்தா திருப்பத்தில் ஒரு கை அவள் தோளைத் தொட்டது. துள்ளிவிட்டாள்.

டீச்சரம்மா.

"ஏம்மா இப்படி வெளிறிப் போயிருக்கே? பென்சில் விஷயம் கேள்விப்பட்டேன். மனசே ஆறல."

அந்தக் குரலில் இருந்த பரிவில் அழுகை முட்டியது. சொல்லிவிடலாமா? பதினான்காம் பிரிவை இவரைவிட எதிர்த்தவர் யார்?

"அவர் உங்கிட்ட ஏதாவது கொடுத்து வெச்சாரா? இருந்தா என்கிட்ட கொடு. நான் பத்திரமா பார்த்துக்கறேன்."

கை பைக்குள் போனது. நோட்டின் விளிம்பைத் தொட்டது.

நின்றது.

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம்தான். அன்று மதியம் அவள் யாரையும் நம்பும் நிலையில் இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா. இருந்தா கண்டிப்பா உங்ககிட்ட தர்றேன்."

நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், மூணு மணிக்குக் குழு அறைக்கு வந்து பின்னாடி உட்காருங்க. தலைவர்கிட்ட நான் அனுமதி வாங்கித் தர்றேன்."

"எதுக்கு?"

கொலை என்றால் மறுபடி ஏணியைக் காட்டுவார்.

"நல்ல காபி கொடுப்பாங்க சார்."

அவர் யோசித்தார். வந்தார்.

மூன்று மணி.

எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சபை நாளையோட முடியுது. ஓட்டெடுப்பைத் தள்ளிப்போட முடியாது. காலை நடவடிக்கைக் குறிப்பு தயாரா இருக்காம்மா?"

அவள் எழுந்தாள். இந்த ஒரு அறையில் பேசுவதைத்தான் யாரும் அழிக்க முடியாது. பேசுவதை எழுத இன்னொரு சுருக்கெழுத்தாளர் உட்கார்ந்திருக்கிறார். இங்கேதான் சொல்ல வேண்டும். ஆனால் நேரத்தை மட்டும் படிக்கக் கூடாது. அது தெரிந்தவர் எவரோ, அவர் அங்கே இருந்தவர்.

"அண்ணன்... அவர் கடைசியா எழுதினதைப் படிக்கறேன்."

படித்தாள். நான்கு ஊர். இரண்டு உயிர். மிச்ச ஸ்டாக். பிரிவு நிக்கும், நான் பார்த்துக்கறேன்.

"யார் அந்த உறுப்பினர்?" என்றார் தலைவர்.

"அது இதுல இல்லைங்க."

"எனக்குத் தெரியும்."

டீச்சரம்மா எழுந்து நின்றார். கை மில்காரரை நோக்கி நீண்டது.

"இவர்தான். காலையில பத்து மணிக்கு முன்னாடி, அதோ அந்த ஜன்னலோரம் நின்னு பேசினாங்க. நான் கதவுகிட்ட வந்தப்ப என் காதால கேட்டேன். உள்ளே இவர், கோட்டுக்காரர், மூலையில பென்சில். வேற யாரும் இல்ல."

மில்காரர் முகம் செக்கச்சிவந்தது. வாயைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் காபியைக் கீழே வைத்தார்.

அவளுக்கு வியர்த்தது. மில்காரர் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகள் மேசை விளிம்பை நெரித்துக்கொண்டிருந்தன.

"அவரா இருக்க முடியாது."

சொன்னவர் தலைவர். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏன்?" என்றார் டீச்சரம்மா.

"ஒன்பது நாப்பதுல இருந்து பத்தே கால் வரைக்கும் அவர் என்கூட இருந்தார்."

"எங்க சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"லிஃப்ட்ல."

"முப்பத்தஞ்சு நிமிஷமா?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. புது லிஃப்ட். போன வாரம் நான்தான் ரிப்பன் வெட்டினேன். எலெக்‌ஷன் வேற வருது... வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

வாசலில் நின்ற அவைக் காவலர் தலையைச் சொறிந்தார். "ஆமா சார். நான்தான் கதவை நெம்பினேன். தலைவர் ஈஸியா வந்துட்டார். மில்காரர் ஐயாதான் கொஞ்சம் சிரமம்."

இன்ஸ்பெக்டர் டீச்சரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்போ ஜன்னலோரம் பேசினது யாரும்மா? மணி, இடம் ரெண்டையும் நீங்கதான் சொன்னீங்க. இந்தம்மா படிச்சதுல ரெண்டும் இல்ல."

"நோட்டுல ஒன்பது ஐம்பதுன்னு இருக்கு சார். நான் வேணும்னே படிக்கல" என்றாள் அவள். அந்த நோட்டை ஒரு மணி நேரத்துக்கு முன் டீச்சரம்மாவின் கையில் கொடுக்க இருந்தாளே!

டீச்சரம்மா மெதுவாக உட்கார்ந்தார். சட்டென்று பத்து வயது கூடிப்போனவர் போல.

"என்கிட்ட படிச்ச பசங்க, தலை நரைச்சு, வேலை கேட்டு என் வீட்டு வாசல்ல நிக்கறாங்க. வெளியில எதிர்த்துப் பேசிட்டு, ஓட்டுல மட்டும் பிரிவை நிக்க வெச்சா ஃபேக்டரி வந்துடும்னு நினைச்சேன். பேசி முடிச்சப்புறம்தான் மூலையில பென்சில் எழுதிக்கிட்டிருந்ததைப் பார்த்தேன். நோட்டை வாங்கிட்டு வாங்கன்னுதான் அந்தாள்கிட்ட சொன்னேன். கொல்லச் சொல்லல. போன்கூடப் பண்ணினேன். பதிலே வரல..."

"எடுத்தது நான்" என்றாள் அவள்.

வெளியே தடதடவென்று ஓட்டம். வராந்தாவில் பார்வையாளர் பெஞ்சில் இருந்த கோட்டுக்காரர் கதவுச் சந்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். காவலர்கள் துரத்த, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் பாய்ந்து பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட்.

கீழே இறங்கியது. 'கிறீச்' என்றது. நின்றது.

காவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், அதே இடத்துல மாட்டிக்கிட்டான். நெம்பட்டுமா?"

"என்ன அவசரம்?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஜீப் வரட்டும். இப்போதைக்கு அதைவிட நல்ல லாக்கப் என்கிட்ட இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அப்போதுதான், அன்று முதல் தடவையாக, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். முறை அவளுடையது.

தலைவர் ஓட்டெடுப்பைத் தொடங்கினார். முதல் பெயர் மில்காரருடையது.

"பதினாலாம் பிரிவு... நீங்க ஆதரவுதானே?"

"எதிர்ப்பு."

பென்சிலை அப்படியே பிடித்தபடி அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைவரும் பார்த்தார்.

"என்னங்க இது? ஒரு வாரமா மேசையை உடைச்சீங்களே?"

மில்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"லிஃப்ட் கம்பெனியும் இங்க ஆலை திறக்கப் போகுதாம். அவன் மேல நான் கேஸ் போட வேண்டாமா?"