ஏழு மாதத் தாத்தாவும் ஏரிச் சேறும்

உலாயு தன் தாத்தாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

தாத்தாவுக்கு வயது ஏழு மாதம்.

"தாத்தா, கொஞ்ச நேரம் காலை ஆட்டாம இருங்க. அப்புறம் கோணலா ஒட்டிட்டேன்னு என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

தாத்தா காது கொடுக்கவில்லை. வலது கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு, கூடாரத்தின் உச்சியை யோசனையாகப் பார்த்தார். டயப்பர் கோணலாகத்தான் ஒட்டிக்கொண்டது.

வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் இது அதிசயமில்லை. ஒருவர் இறந்துபோனால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைப்பார்கள். பெயரோடு உறவும் மரியாதையும் சேர்ந்து வந்துவிடும். தாத்தா கௌனாக் இறந்து நாலு மாதத்தில் உலாயுவுக்குத் தம்பி பிறந்தான். கௌனாக் என்று பெயர் வைத்தார்கள். அத்தோடு தம்பி போய் தாத்தா வந்துவிட்டார். அம்மா லீத்தியா அவரை "அப்பா" என்று கூப்பிடுவாள். அம்மாவின் அண்ணன் ஜெய்பூட்டி மாமாவும் அப்படித்தான்.

இதில் உலாயுவுக்கு ஒரே ஒரு வருத்தம். தம்பியாக இருந்தால் காதைத் திருகலாம். தாத்தாவை என்ன செய்வது?

அது மே மாதம். சூரியன் மறையவே மறையாத நாட்கள். ஏரியின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி உறைந்து கிடந்தது. ஒவ்வொரு வருடமும் இந்த மாதம் அவர்கள் இங்கே வந்து கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். இந்த முறை கூடவே ஜொஸ்லின் வந்திருந்தாள். தெற்கே, ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். அவளுக்கு மீன் வேண்டாம். ஏரியின் அடியில் இருக்கும் சேறு வேண்டும்.

"முப்பது வருஷமா இந்த ஏரிக்கு வர்றேன்," என்றார் மாமா, துளை போடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு. "மேல இருக்கற மீனை விட்டுட்டு அடியில இருக்கற சேத்துக்கு ஆசைப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"மீன் பொய் சொல்லும் ஜெய்பூட்டி. சேறு சொல்லாது," என்றாள் ஜொஸ்லின்.

"எங்க மீனுங்க பொய் சொல்லாது. அதைப் பிடிக்கறவங்கதான் சொல்லுவாங்க."

இருவரும் நீளமான பிளாஸ்டிக் குழாயைத் துளை வழியாக இறக்கி, ஏரியின் அடியில் அழுத்தி, மூச்சு வாங்க மேலே இழுத்தார்கள். குழாய் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. உள்ளே சேறு. அதற்கு மேல் கொஞ்சம் ஏரித் தண்ணீர். உலாயு கிட்டே போய்ப் பார்த்தாள். சேறு முழுவதும் மெல்லிய கோடுகள். வெளிர் ஒன்று, கறுப்பு ஒன்று, மறுபடி வெளிர்.

"யார் இதுக்குள்ள கோடு போட்டாங்க?"

"ஏரிதான்," என்றாள் ஜொஸ்லின். "கோடையில பனி உருகி ஓடி வரும்போது மண்ணையும் அடிச்சுக்கிட்டு வரும் இல்லையா? அது அடியில படிஞ்சா ஒரு வெளிர்க் கோடு. குளிர்காலத்துல தண்ணி அசையாம இருக்கும்போது பொடிப்பொடி மண் படிஞ்சா ஒரு கறுப்புக் கோடு. ரெண்டும் சேர்ந்தா ஒரு வருஷம். கீழ போகப் போகப் பழைய வருஷம். எந்த வருஷம் வெயில், எந்த வருஷம் குளிர்னு கோட்டோட தடிமனைப் பாத்தே சொல்லிடலாம்."

உலாயுவின் தலைக்குள் ஏதோ மணி அடித்தது.

"ஒரு வருஷம் கோடையே வரலைன்னா? ஏரி உருகவே இல்லைன்னா?"

"அப்போ அந்த வருஷத்துக் கோடு முடி மாதிரி மெல்லிசா இருக்கும். ஏன் கேக்கறே?"

உலாயு மாமாவைப் பார்த்தாள். மாமா சட்டென்று வேறு பக்கம் திரும்பி, தூண்டில் கயிற்றில் இல்லாத சிக்கலை அவிழ்க்க ஆரம்பித்தார்.

காரணம் இருந்தது. தாத்தா, அதாவது பல்லெல்லாம் இருந்த பழைய தாத்தா, ஒரு கதை சொல்வார். அவருக்குப் பத்து வயதில் ஒரு கோடை முழுக்க இந்த ஏரி உருகவே இல்லையாம். ஆகஸ்டில் நாய்வண்டி ஓட்டிக்கொண்டு ஏரியைக் கடந்தாராம்.

மாமா அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பார். "ஆகஸ்ட்ல ஏரி மேல நாய்வண்டி! அப்பா, கடல்ல நடக்கலையா நீங்க?" என்பார். ஊர்க் கடை வாசலில், மீன் வெட்டும் இடத்தில், எங்கே கேட்டாலும் இதே கேலிதான். ஊரே சேர்ந்து சிரிக்கும். தாத்தாவும் கூடச் சிரிப்பார். ஆனால் அவர் காது மட்டும் சிவந்துபோகும். அதை உலாயு பார்த்திருக்கிறாள்.

"நம்பலைன்னா போ. ஏரிகிட்டயே கேட்டுக்கோ," என்பார் தாத்தா கடைசியில்.

ஏரியிடம் எப்படிக் கேட்பது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இப்போது கேட்க ஓர் ஆள் குழாயோடு வந்திருக்கிறாள்.

"ஜொஸ்லின், பழைய தாத்தாவுக்குப் பத்து வயசானப்போ, அறுபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி விழுந்த கோடு எங்க இருக்கும்?"

ஜொஸ்லின் குழாய்க்கு வெளியே, சேற்றின் உச்சி தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இந்தக் கை அகலத்துக்குள்ளதான். ஆனா இப்பவே எண்ண முடியாது. எங்க ஊருக்குப் போய், காய வச்சு, பூதக்கண்ணாடி வச்சுதான் எண்ணணும். மேல இருக்கறது இன்னும் கஞ்சி மாதிரி இளசா இருக்கு, பாரு."

மாமா மேற்கே பார்த்தார். அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.

"காத்து வருது. சாப்பிட்டதும் கிளம்பிடணும். இங்க மாட்டிக்கிட்டா மூணு நாள் கூடாரத்துக்குள்ள ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். என் மூஞ்சி அவ்வளவு நேரம் தாங்காது."

"பரவாயில்லை," என்றாள் ஜொஸ்லின். "அவசரத்துக்குன்னே ஒரு பொடி வச்சிருக்கேன். மேல இருக்கற தண்ணியில தூவினா அப்படியே கெட்டியாயிடும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் சேறு அசையாது."

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கிக் காட்டினாள்.

தண்ணீர் கெட்டியாகவில்லை. வெள்ளையானது.

இன்னொரு கரண்டி போட்டாள். இன்னும் வெள்ளையானது.

மாமா கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "பால் பவுடர்," என்றார். "நல்லாத்தான் இருக்கு. சர்க்கரைதான் இல்ல."

ஜொஸ்லினின் முகம் பால் பவுடரைவிட வெளுத்துப்போனது. இரண்டு டப்பாக்களும் ஒரே மாதிரி. சரியான டப்பா ஊரில், அவள் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் இருந்தது. அங்கே யாராவது டீ போட்டிருந்தால் கரண்டி அதில் நட்டு வைத்த மாதிரி நிற்கும்.

"உறைய வச்சுடலாமே? வெளியில குளிருக்கா பஞ்சம்?" என்றாள் அம்மா.

"உறைஞ்சா உப்பிடும். கோடெல்லாம் உடைஞ்சுடும்."

"நான் மெதுவா ஓட்டறேன்," என்றார் மாமா.

அம்மாவும் உலாயுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவின் பனி வண்டிக்குப் பின்னால் இழுவை வண்டியில் போன முட்டைகள் எதுவும் இதுவரை முட்டையாக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

ஜொஸ்லின் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடியில இருக்கறது தப்பிச்சிடும். மேல இருக்கற அந்த ஒரு கை அகலம்தான் கலங்கிப்போகும். இன்னும் கொஞ்ச நாள்ல பனிக்கட்டி உருகிடும். மறுபடி எப்ப வர முடியுமோ!"

அந்த ஒரு கை அகலம். தாத்தாவின் வருடங்கள் எல்லாம் அதற்குள்தான். அது கலங்கினால் மாமா ஆயுசு முழுக்கச் சிரிப்பார். ஏரியைக் கேட்கவே முடியாது.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா கூடாரத்துக்குள்ளிருந்து வீறிட்டார்.

"உலாயு, அப்பாவைப் பாரு. நனைஞ்சிருப்பார்," என்றாள் அம்மா.

"இதுக்கெல்லாம் நான்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள் உலாயு. போன மாதம் பள்ளிக்கூடத்தில், "டயப்பர் மாத்தறதுல என்னை யாரும் ஜெயிக்க முடியாது" என்று பீற்றிக்கொண்டாள். அது அம்மாவின் காதுக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் ஜெயிக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

டயப்பரை அவிழ்த்தாள். கல் மாதிரி கனத்தது. சுருட்டும்போது ஓரத்தில் தூண்டில் முள் மாட்டி, டர்ரென்று கிழிந்தது. ஐயோ, ஊற்றப்போகிறதே என்று கையை உதறினாள்.

ஊற்றவில்லை. கிழிசல் வழியாகப் பளபளவென்று கட்டிக் கட்டியாக ஏதோ எட்டிப் பார்த்தது. மீன் முட்டை மாதிரி. ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

உலாயு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தாத்தா வெறும் உடம்போடு இருக்கிறார் என்ற நினைவு வந்து, அவரை மான்தோலில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டயப்பரோடு ஓடினாள்.

"ஜொஸ்லின்! உங்க பொடி இப்படித்தான் ஆகுமா?"

ஜொஸ்லின் நிமிர்ந்தாள். டயப்பரை வெறுங்கையால் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் அழுத்தினாள்.

"இதேதான்! இதே பொடிதான் இதுக்குள்ளயும் இருக்கு! எனக்கு ஏன் தோணலை?"

"உங்களுக்குத் தாத்தா இல்லை போல," என்றாள் உலாயு.

மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவோட டயப்பரை இவ்வளவு பாசமா பாத்த முதல் ஆளு இவதான்."

"புதுசு எத்தனை மிச்சம்?" என்று கேட்டாள் ஜொஸ்லின்.

"நாலு," என்றாள் உலாயு.

"மூணு வேணும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தலையை ஆட்டினாள். "என்னை ஏன் பாக்கறீங்க? அது அப்பாவோடது. அவரைக் கேளுங்க."

உலாயு தாத்தாவை அம்மாவின் மடியில் உட்கார வைத்து, எதிரே மண்டியிட்டாள்.

"தாத்தா, உங்க டயப்பர் மூணு தருவீங்களா? நீங்க ஏரிகிட்ட கேக்கச் சொன்னீங்க இல்ல? ஏரி பதில் சொல்லியிருக்கு. அந்தப் பதில் ஊர் போறதுக்குள்ள கலங்கிடும் போலிருக்கு. வழியில உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நான் பாத்துக்கறேன்."

தாத்தா உலாயுவைப் பார்த்தார். ஜொஸ்லினைப் பார்த்தார். கடைசியில் மாமாவைப் பார்த்து, உதட்டைக் குவித்து, "ப்ப்ர்ர்ர்" என்றார். எச்சில் நாலு பக்கமும் தெறித்தது.

"சரின்னுட்டார்," என்றாள் அம்மா.

"என்னைப் பாத்துத் துப்பின மாதிரி இருந்தது," என்றார் மாமா.

"அதுவும்தான்."

மளமளவென்று வேலை நடந்தது. உலாயு மூன்று டயப்பர்களையும் கிழித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உலுக்கினாள். பஞ்சு மேலே நின்றது. பொடி பையின் மூலையில் சேர்ந்தது. ஜொஸ்லின் குழாயில் சேற்றுக்குச் சற்று மேலே சின்னத் துளை போட்டு, இரண்டு விரல் அளவு விட்டுவிட்டு மீதித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தாள். பிறகு துளையை அடைத்துப் பொடியைத் தூவினாள்.

தண்ணீர் மங்கியது. உப்பியது. நின்றுவிட்டது. கஞ்சிச் சேற்றின் மேல் யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி.

இழுவை வண்டியில் குழாயை நிமிர்த்திக் கட்டினார்கள். உலாயு அதை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தாத்தா அம்மாவின் அங்கியின் முதுகுப்பைக்குள் சூடாக உட்கார்ந்துகொண்டார். கடைசி டயப்பர் பாதி வழி வரைக்கும் தாங்கியது. டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது, டயப்பருக்குப் பதிலாக முயல்தோல் சுற்றிய தாத்தாவை மாமாவிடம் கொடுத்தார்கள்.

"லீத்தியா," என்றார் மாமா கொஞ்ச நேரம் கழித்து, அசையாமல் நின்றபடி. "அப்பா என் சட்டைக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டிருக்கார்."

"நீ அவரைப் பாத்துச் சிரிச்ச சிரிப்புக்கு அவர் இதுகூடச் செய்யக் கூடாதா?"

குழாய் கலங்காமல் ஊர் வந்து சேர்ந்தது. மறுநாள் ஒரு விமானத்தில், ஜொஸ்லினுக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு தெற்கே போனது.

செப்டம்பரில் ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கோடு கோடாக ஒரு பெரிய புகைப்படம். நடுவில் ஒரு சிவப்பு அம்புக்குறி. உலாயு கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"மேலிருந்து அறுபத்திரண்டாவது வெளிர்க் கோடு. நான் மூன்று முறை எண்ணினேன். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரை எண்ணச் சொன்னேன். ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்தக் கை அகலத்தில் இவ்வளவு மெல்லிய கோடு வேறு இல்லை. அந்தக் கோடையில் ஏரி உருகவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

மாமா படத்தை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தூரமாக வைத்துப் பார்த்தார்.

"ஒரு வருஷம் முன்னே பின்னேன்னு போட்டிருக்கே," என்றார் மெல்ல.

"மாமா!" என்றாள் உலாயு.

மாமா வாயை மூடிக்கொண்டார். படத்தை உலாயுவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து காய்ந்த மீனைச் சப்பிக்கொண்டிருந்த தாத்தாவின் எதிரே போய், தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா," என்றார். "நீங்க சொன்னது நெசம்தான். ஊர் முன்னாடி சிரிச்சிட்டேன். ஊர் முன்னாடியே சொல்லிடறேன். நாளைக்குக் கடை வாசல்லயே சொல்றேன். என்னை மன்னிச்சிடுங்க."

தாத்தா மாமாவை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களும் தெரியச் சிரித்தார். வாயிலிருந்த மீனை எடுத்து, எச்சில் சொட்டச் சொட்ட, மாமாவின் வாய்க்குள் திணித்தார்.

மாமா அதை மென்று, கடைசித் துணுக்கு வரைக்கும் விழுங்கினார்.