சிவப்பு மிதவைகளுக்கு உள்ளே

பதினேழு நாள், நான்கு மணி நேரம். அத்தான் ஏரியில் மூழ்கிச் செத்து அவ்வளவு ஆகியிருந்தது. நாட்களை எல்லோரும் எண்ணினார்கள். மணியையும் சேர்த்து எண்ணியவன் படகோட்டி மைத்துனன் மட்டும்தான்.

மாலை நான்கு மணிக்கு அக்கா படகுத்துறைக்கு வந்தாள். கையில் அத்தானின் நோட்டு.

"பறவைக் கூடுங்க கணக்கு பாதியில நிக்குது. நாணலுக்குள்ள கூட்டுக்கு அடையாளமா அவர் நட்ட குச்சியெல்லாம் பாத்து எழுதி முடிக்கணும். கூட்டிட்டுப் போடா."

"இன்னொரு நாள் போலாமே அக்கா."

"நீ என்ன மந்திரியா, நேரம் கேட்டு வர? ஏறு."

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். இன்றும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவளும் வெறுத்துவிட்டால் அவனுக்கு வேறு யாரும் இல்லை. ஏறினான்.

அத்தான் ஏரிக் காவலர். அங்கே முக்குளிப்பான்கள் நாணல் ஓரம் மிதக்கும் கூடு கட்டும். ஒரு பெரிய அலை போதும், முட்டை உருண்டுவிடும். அதனால் முட்டைக் காலத்தில் சிவப்பு மிதவைகளுக்கு உள்ளே எஞ்சின் கூடாது, துடுப்புதான். படகோட்டிகள் அவர் முன்னால் தலையாட்டுவார்கள். சவாரி ஏறியதும் நாணலை ஒட்டி எஞ்சினை முறுக்குவார்கள். பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பும், கேமராக்கள் உயரும். 'பறவை எழுப்புறது' என்று அதற்குப் பெயர். அவன் அதில் கைகாரன்.

அன்று அத்தானின் தோணி நாணலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. வேர்க்கொடி அவர் காலைச் சுற்றியிருந்தது. காற்று கவிழ்த்திருக்கும் என்றார்கள். தான் எதிர்க்கரையில் இருந்ததாக அவன் அக்காவிடம் சொல்லியிருந்தான்.

மிதவையைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கி வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

"நீ துடுப்புப் போடுறியா? இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. நாணல் நுனி அசையவில்லை.

பின்னால் ஓர் எஞ்சின் இருமியது.

இருமி இருமிப் பிடிக்கும் சத்தம். பெற்றவளுக்குப் பிள்ளையின் அழுகை தெரிவதுபோல அவனுக்கு அது தெரியும். அவனுடைய எஞ்சின்தான். அதுவோ பக்கத்தில் நீர் சொட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

திரும்பிப் பார்த்தான். படகு எதுவும் இல்லை. படகு போனால் விரியும் அலை மட்டும் வந்துகொண்டிருந்தது.

கூடுகளை அது அசைக்கவில்லை. அவன் பக்கம் மட்டும் ஏறியது. அவன் கணுக்கால் வரை தண்ணீர். அக்காவின் செருப்பில் ஒரு துளி இல்லை.

"காத்துதான் அக்கா."

சொன்ன வாய் மூடுமுன் அடுத்தது. முழங்கால்.

"அன்னைக்கும் காத்துன்னுதான் சொன்னாங்க. நீ எதிர்க்கரையிலதானே இருந்த?"

"ஆமா."

மூன்றாவது அலை அவன் மடியில் விழுந்தது. படகின் பின்பகுதி அமிழ்ந்தது. விளிம்புக்கும் ஏரிக்கும் ஒரு விரல் இடைவெளி. அழுகிய வேரின் வாடை.

அக்கா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"டேய், உன் பின்னால தண்ணியில யாரோ கையத் தூக்கியிருக்காங்க."

அவன் திரும்பவில்லை.

"கிட்ட வராங்கடா."

தோளில் ஏதோ சில்லென்று படிந்தது. ஐந்து விரல்கள்.

அழுத்தவில்லை. காத்திருந்தன.

"அக்கா, நான் எதிர்க்கரையில இல்ல" என்றான். "பறவை எழுப்ப முறுக்கினேன். அந்த அலையிலதான் அத்தான் தோணி கவுந்துச்சு. கையத் தூக்கினார். சவாரிக்காரங்க ஏழு பேரும் வானத்தப் பாத்துட்டு இருந்தாங்க. நான் மட்டும்தான் அவரப் பாத்தேன்."

விரல்கள் இறுகின.

"பாத்துட்டு, வேகத்தக் கூட்டினேன்."