கொலைகார வளையம்

லேபில் போன் அலறியது.

எடுத்த டாக்டர் வடிவாம்பாளின் காதில் முதலில் விழுந்தது ஒரு பெண்ணின் அழுகை. பிறகுதான் எஸ்.ஐ. கிருஷ்ணகுமாரின் குரல்.

"டாக்டர், வேகம் ஐ.சி.யூ.வுக்கு வரணும். காலையில மரிச்ச பொன்செல்வியோட புருஷன், நர்ஸ் ஆதிராவ ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டான். கையில கத்திரி..."

வடிவாம்பாள் ஓடினாள்.

இசக்கிப்பாண்டி, சாலை பஜாரில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்பவர். பிள்ளை குட்டி இல்லை. மனைவி பொன்செல்வி ஒருத்திதான்.

பித்தப்பை ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே வந்தவள்... ரத்தத்தில் கிருமி ஏறி, அது எந்த ஊசிக்கும் அடங்காததால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர் குரல் உடைந்தது.

"மருந்த வெளிய வித்துட்டு இவ தண்ணிய ஏத்திருக்கா டாக்டரம்மா. இல்லன்னா அத்தன ஊசியும் எப்படிக் கேக்காமப் போவும்?"

"நல்ல மருந்துதான் அண்ணாச்சி. கிருமிதான் மசியல."

"ஏன் மசியல?"

"கிருமிக்குள்ள பிளாஸ்மிட்னு குட்டியா ஒரு வளையம் இருக்கும். மருந்த முறிக்கிற வித்தை அதுலதான் இருக்கு. ஒரு கிருமி அத நகல் எடுத்து, பக்கத்துல இருக்குற வேற இனக் கிருமிக்குக் கூடக் குடுத்துரும். அப்படி வாங்கின கிருமிதான் அக்காவ..."

"அதக் குடுத்த கிருமி யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

வடிவாம்பாள் கதவில் கை வைத்தாள்.

"பேரச் சொல்லுங்க டாக்டரம்மா. இல்லன்னா இவள..."

உள்ளே ஆதிரா விம்மினாள்.

வடிவாம்பாளுக்குப் பேர் தெரியும். ரிசல்ட் சற்றுமுன்தான் வந்திருந்தது.

"என்கிட்ட இருந்துதான்," என்றாள். "ரவுண்ட்ஸ் வந்தப்ப, வேற பேஷண்டத் தொட்ட கையக் கழுவாம அக்காவத் தொட்டுட்டேன். அந்தப் பிள்ளைய விடுங்க. என்னையக் குத்துங்க."

தாழ்ப்பாள் விலகியது.

கத்திரியோடு நின்றார் இசக்கிப்பாண்டி. அவள் நகரவில்லை.

கத்திரி தரையில் விழுந்தது. அவரும் சரிந்து உட்கார்ந்தார்.

"ஒங்கள அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் டாக்டரம்மா... வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடணும்னு சொல்லிட்டே கெடந்தா."

போலீஸ்காரர்கள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

கிருஷ்ணகுமார் நெருங்கி வந்தார். "டாக்டர், இதுக்கு உங்க ஜோலி போகும். சத்தியமா உங்க கைதானா?"

"இல்ல சார். அவரோட கால் புண்ணு. ஆறலன்னு அவராவே மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கி, பாதி பாதியில நிறுத்திருக்காரு. அவர் நொண்டுறதப் பாத்துச் சாம்பிள் எடுத்தேன். புண்ணுல இருந்த கிருமியிலயும் அதே வளையம்..."

அவள் இசக்கிப்பாண்டி போன திசையைப் பார்த்தாள்.

"தினமும் கட்டுப் போட்டுவிட்டது அக்காதான்."

கிருஷ்ணகுமார் தொப்பியைக் கழற்றினார்.

"பின்ன எதுக்கு டாக்டர் பொய் சொன்னீங்க?"

வடிவாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன செய்ய சார்... இந்த ஆஸ்பத்திரியில இன்னும் கேக்குற மருந்து அது ஒண்ணுதான்."