அக்காவின் ஒப்புதல்

பட்டம் வாங்கிய கையோடு அதே அலுவலகத்துக்குத் திரும்பினேன். படிக்கும்போது ஒரு வருடம் பயிற்சிக்காக இருந்த இடம். வரவேற்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்து, புது அட்டையை நீட்டினாள். பயிற்சிக்கு வருபவர்களுக்கு மஞ்சள் பட்டை, நிரந்தர ஆட்களுக்கு நீலம். நீலத்தைக் கழுத்தில் மாட்டும்போது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

எங்கள் குழுத் தலைவரை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் 'அவசரம்' என்போம். அவர் சாவகாசமாகச் செய்யும் ஒரே காரியம் டீ குடிப்பதுதான். அவரே வந்து அழைத்துப்போனார்.

"உனக்கு ஜன்னலோர சீட்டும்மா. பழகின இடம்தானே, உடனே ஆரம்பிச்சிடு."

அது நான் அக்கா என்று கூப்பிட்டவளின் இருக்கை.

"வேற சீட் எதுவும் இல்லையா, சார்?"

"இதுக்கு என்ன குறைச்சல்? நல்லா வெளிச்சம் வருது."

வெளிச்சம் வந்தது உண்மைதான். பத்து மணி வெயில் மேசை முழுக்கக் கிடந்தது. ஆனால் வெயில் படாத நாற்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. இழுப்பறையைத் திறந்ததும் அவள் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வார்டில் படுக்கைக்குப் படுக்கை மாட்டியிருக்கும் மானிட்டர்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். நாடித்துடிப்பு தாறுமாறானால் அலாரம் அடிக்கும். நர்ஸ் பொத்தானை அழுத்தினால் சத்தம் அடங்கும். ஆபத்து நீங்கவில்லையென்றால் இரண்டு நிமிடத்தில் தானாகத் திரும்ப அடிக்கும். இங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். தன் வேலைக்குத் தானே ஒப்புதல் தரக் கணினி விடாது.

பயிற்சி வருடத்தில் நான் எழுதியதையெல்லாம் படித்தவள் அக்கா. கூடப் பிறக்காத குறைதான். தப்பைச் சுட்டிக்காட்டும்போதுகூடக் குரலை உயர்த்த மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "என் சிஸ்டத்தைப் பூட்டிடுடி. உன்னோடதை வந்து பாத்துக்கறேன்" என்றாள். நான் செய்திருந்த அலாரம் மாற்றம் அவள் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அவசரமோ என் தலைமேல் நின்றார். அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் அக்காவின் கணினி முன் உட்கார்ந்து, அவள் பெயரில், என் வேலைக்கு நானே ஒப்புதல் கொடுத்தேன். திங்கட்கிழமை அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மறு வாரம் ஒரு வார்டில் நர்ஸ் அலாரத்தை அடக்கினார். அது திரும்ப அடிக்கவே இல்லை. படுத்திருந்தவர் இறந்துபோனார்.

ஒப்புதல் கொடுத்தவர்தான் பொறுப்பு என்று விசாரணையில் அக்காவின் பெயர் வந்தது. "நான் இதைப் படிக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் செத்துப்போனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். எனக்கு நல்ல மதிப்பெண்ணும் இந்த வேலையும் கிடைத்தன.

சேர்ந்த மூன்றாம் நாள் என் முதல் வேலையை முடித்து ஒப்புதலுக்கு அனுப்பினேன். நானூறு வரி. யார் படித்தாலும் ஒரு மணி நேரம் ஆகும்.

நான்கு நொடியில் ஒப்புதல் வந்தது.

அக்காவின் பெயரில்.

கணினிப் பிரிவுக்காரரிடம் ஓடினேன். அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். "அவங்க கணக்கை அப்பவே அழிச்சாச்சும்மா. பேரே இல்ல பாருங்க." இல்லைதான். என் இருக்கைக்குத் திரும்பினால் திரையில் இருந்தது.

அடுத்தடுத்து அனுப்பியவற்றுக்கும் நான்கு நொடிதான். நான் எழுதியதை எவரும் படிக்கவில்லை என்பது மெல்ல உறைத்தது. நான் எங்கே சறுக்கினாலும் அது கடைசியில் ஒரு நோயாளியின் தலைமாட்டுக்குப் போகும். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, அலாரத்தைத் திரும்ப எழுப்பும் வரியை வேண்டுமென்றே நீக்கி அனுப்பினேன்.

நான்கு நொடி.

ஒப்புதல் கிடைத்தது முதலில் எங்கள் சோதனை அறைக்குத்தான் போகும். அங்கே எட்டு மானிட்டர்கள் வரிசையாக நிற்கும். நோயாளிக்குப் பதில் ஒரு பெட்டி பொய்த்துடிப்பு கொடுக்கும். கதவைத் திறந்தபோது ஒரு மானிட்டர் அலறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். அடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஒரு நிமிடம்.

இரண்டு.

அலாரம் அடிக்கவில்லை. மற்ற ஏழின் துடிப்புச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றது. நான் எதையும் தொடவில்லை. எட்டுத் திரையிலும் கோடு தட்டையாக ஓடியது. தைல நெடி அறையை நிறைத்தது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

"பாத்துக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை.

ஓடிப்போய் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றேன். கையோடு உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். அக்கா படிக்கவில்லை, ஒப்புதல் கொடுத்தது நான், அந்த மனிதர் செத்தது என்னால். வேலை போகும் என்று தெரியும். இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் அப்பா ஓய்வு கேட்டிருக்கிறார் என்பதும் தெரியும். அச்செடுத்து அவசரத்தின் அறைக்குப் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல, சார்."

"அவங்க போயாச்சு. விசாரணையும் முடிஞ்சாச்சு. இப்ப இதைக் கிளறினா எத்தனை ஆஸ்பத்திரி நம்ம மானிட்டரைக் கழட்டி வைக்கும் தெரியுமா? நீ சின்னப் பொண்ணு. போய் வேலையைப் பாரு."

"அவங்க மேல பழி இருக்கே, சார். அவங்க பொண்ணு…"

"செத்தவங்களுக்கு என்னம்மா பழி?"

காகிதத்தை நான்காகக் கிழித்தார். நான் தடுக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று பசித்துச் சாப்பிட்டேன். கணினியில் இருந்த கடிதத்தையும் அழித்தேன்.

மறுநாள் உடம்பு கொதித்தது. லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். மடிக்கணினியை அலுவலகத்திலேயே விட்டு வந்திருந்தேன். பதினொரு மணிக்கு அவசரம் போன் செய்தார். குரலில் அத்தனை உற்சாகம்.

"லீவுன்னு சொல்லிட்டு வீட்லேருந்து பின்னி எடுக்கறியே. காலையிலேருந்து பன்னெண்டு மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்க. எல்லாத்தையும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியாச்சு."

"நான் எதையும் பாக்கல, சார்."

"விளையாடாதம்மா. உன் பேர்லதான் இருக்கு."

"யார் எழுதின மாற்றம், சார்? என்ன எழுதியிருக்கு?"

பொத்தான்கள் தட்டும் சத்தம் கேட்டது.

"எழுதினவங்க பேரு… காலியா இருக்கு. அலாரத்தைத் திரும்ப எழுப்பற வரியை எடுத்திருக்கு." குரலில் உற்சாகம் போயிருந்தது. "நீ இப்ப எங்க இருக்க?"

"படுக்கைல, சார்."

"அப்ப இது எப்படிம்மா? இதோ, நீ பேசிட்டிருக்கும்போதே பதிமூணாவதுக்கும் கொடுத்துட்ட."

என் இரண்டு கைகளும் போனைப் பிடித்திருந்தன.