காத்து பாத்துக்கும்!

"இப்போ... மெதுவா... கண்ணைத் திறங்க, கெல்வின்..."

ஹெட்போனில் ரோஸலிண்டின் குரல் கூப்பிட்டது.

கெல்வின் கண்ணைக் கட்டியிருந்த கறுப்புத் துணியை இறக்கினான்.

முதலில் தன் கையைப் பார்த்தான்.

சிவப்பு!

மடியில் ஓர் இரும்பு முளை. வேலிக்கு நடுகிற முளை. அதன் நுனியில் ரத்தம். ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நரைமுடி...

கேரவன் தரையில் ரோஸலிண்ட் குப்புறக் கிடந்தாள். பின்மண்டை இருந்த இடத்தில் பின்மண்டை இல்லை!

"ரொம்ப நல்லா ஓய்வெடுத்தீங்க கெல்வின்... இப்போ மனசு லேசா இருக்கும்..."

செத்துப்போனவளின் குரல், பதிவு நாடாவில் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

கெல்வின் அலறினான்!

* * *

ஆஸ்திரேலியாவில், லாங்ரீச் என்கிற ஊருக்கு மேற்கே தார் ரோடு கைகழுவிவிட்ட இடத்தில் இருந்தது மரிண்டா மாட்டுப் பண்ணை. அதன் மேனேஜர் கெல்வின் டாயல்.

அவன் வேலை என்ன தெரியுமா? முடிவெடுப்பது!

இரும்புச் சந்து வழியாக மாடுகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வரும். சந்தின் முனையில் ஒரு கேட். அதன் பிடி கெல்வின் கையில். இடப்பக்கம் விட்டால் கசாப்பு லாரி. வலப்பக்கம் விட்டால் மேய்ச்சல். கண் இமைப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இடம், வலம், வலம், இடம்...

இருபது வருஷம் இப்படி! மனுஷன் மூளை என்ன இரும்பா?

போன வருஷம் மூளை படுத்துவிட்டது. எந்தக் காலுறை போடுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். பப்பில் 'என்ன பீர் வேணும் மேட்?' என்று கேட்டதற்கு எழுந்து ஓடியே போனான்.

அப்புறம்தான் ராக்ஹாம்ப்டன் டவுனிலிருந்து ரோஸலிண்ட் வந்தாள். ஹிப்னாடிஸ சிகிச்சைக்காரி. பண்ணையிலேயே கேரவனை நிறுத்திக்கொண்டு வைத்தியம் பார்த்தாள்.

"வேலை நேரம் தவிர எந்தக் கேட்டும் உங்க பொறுப்பு இல்லை கெல்வின். தொடாதீங்க."

மயக்கத்தில் அவள் ஊட்டிய வார்த்தை அது. நன்றாகவே வேலை செய்தது. அன்றிலிருந்து கெல்வின் எந்தக் கேட்டையும் திறந்த வாக்கில் விட்டுப் போனான். அவனுக்குத் தூக்கம் வந்தது. மாடுகள் ஊர் சுற்றின.

* * *

போலீஸ் ஜீப் கேரவன் வளாகத்துக் கேட் முன்னால் நின்றது.

சார்ஜன்ட் கெயில் பாஸ்கோ ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எறங்குடா டோபி."

"நானேவா மேடம்? வழியெல்லாம் நான்தான் எறங்கினேன்..."

"ஓட்டுறவங்க ஓட்டணும். பக்கத்துல உக்காந்தவன் கேட்டைத் தெறந்து மூடணும். நம்ம போலீஸ் சட்டத்தைவிடப் பழைய சட்டம்டா இது!"

கான்ஸ்டபிள் டோபி முனகிக்கொண்டே இறங்கினான். கொக்கியிலிருந்து சங்கிலியை எடுக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டு கத்தினான்.

கேரவன் படியில் கெல்வின் உட்கார்ந்திருந்தான். ரத்தம் கையில் காய்ந்து போயிருந்தது. ஈ மொய்த்தது. விரட்டக்கூடத் தோன்றவில்லை.

"மேடம்... நான் கொலைகாரனா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"தெரியலையே! அதானே கொடுமை! எனக்கு நிம்மதியாத் தூக்கம் குடுத்த பொம்பளைங்க அவங்க. அவங்களையா நான்..." ரத்தம் காய்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தான்னா தூக்கிப் போட்டு மிதிங்க. ஆனா நான்தானான்னு மட்டும் சொல்லிடுங்க!"

டோபி விலங்கை மாட்டினான். கெல்வின் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

"இன்னிக்கு என்ன நடந்தது?" என்றாள் கெயில்.

"வந்தேன். கண்ணைக் கட்டினாங்க. இன்னிக்குப் புதுசா ஒண்ணு சொன்னாங்க... 'காத்து பாத்துக்கும் கெல்வின்'னு. இதுவரைக்கும் சொன்னதே இல்லை. ரொம்ப மெதுவா, என் காதுகிட்ட. அப்புறம் ஹெட்போனை மாட்டினாங்க. மழைச் சத்தம். தூங்கிட்டேன்."

"மயக்கத்துல நீங்க பேசுவீங்களா?"

"பேசுவேனாம். கேட்ல பார்த்த மாடுங்களைப் பத்தி. 'மடி நிறையப் பால்... கூடக் கன்னுக்குட்டி இல்லை'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றேனாம். என்ன அர்த்தம்னு நேத்து கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை."

கெயிலின் புருவம் ஏறியது. அவள் அப்பாவும் மாட்டுக்காரர்தான்.

பால் கட்டிய மாடு. கன்று இல்லை. ஒன்றிரண்டு என்றால் நரி தின்றிருக்கும். எல்லா மாட்டுக்குமா? எவனோ கன்றுகளைப் பண்ணை அடையாளச் சூடு போடுவதற்கு முன்பே கடத்துகிறான்! களைத்துப்போன கெல்வினின் கண் பார்த்திருக்கிறது. மூளைதான் கவனிக்கவில்லை!

"ரோஸலிண்ட் வேற யாரையாவது கேட்டிருப்பாங்களா?"

"கேட்டிருப்பாங்க. டவுன்காரங்க. எதையும் மனசுல வச்சுக்கத் தெரியாது."

* * *

வீடு கேட்டுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. சமையலறையில் கெல்வினின் மனைவி நொலீன், மாவு படிந்த கையோடு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"பைத்தியமாக்கிட்டா மேடம் இவரை! இன்னிக்குக் காலையிலகூட அந்தக் கேரவன் கேட்டை ஆன்னு தெறந்து போட்டுட்டுப் போனாரு. இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பலையே!"

"அப்புறம் நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?"

"வாசப்படிகூடத் தாண்டலை. அலறல் கேட்டதுமே இங்கேர்ந்துதான் போன் பண்ணினேன்."

பக்கத்தில் தலைமை மேய்ப்பன் பிரெட், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். ஆள் பனைமர உயரம்.

"நீங்க?"

"சத்தம் கேட்டு மாட்டுப்பட்டியிலேர்ந்து ஓடி வந்தேன். கேட் பக்கமே போகலை. வேலியைத் தாண்டிக் குதிச்சேன். பாஸ் கையில இரும்பு முளை. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

கெயில் வெளியே வந்தாள்.

"டோபி, விரல் எப்படி இருக்கு?"

"வலிக்குது மேடம்."

"கேட்ல நசுங்கின விரல். நாம வந்தப்ப சங்கிலி மாட்டியிருந்துச்சு. கெல்வின் அதைத் தெறந்து போட்டுட்டுப் போனான். பொண்டாட்டியே பார்த்திருக்கா. பிரெட் வேலியைத் தாண்டினான். நொலீன் வீட்டை விட்டு நகரலை. ரோஸலிண்ட் கேரவனுக்குள்ள கெல்வினோட இருந்தா. அப்ப அந்தக் கேட்டை யாருடா மூடினது? கங்காருவா?"

"காத்து?"

"சங்கிலியைச் சுத்திக் கொக்கியில மாட்டுற காத்தா? நீ எந்த ஊர்க் காத்தைப் பார்த்தே?"

டோபி தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

"மேய்ச்சல் நாட்டுல பொறந்தவன் கை அது. கொலை பண்ணிட்டு ஓடும்போதுகூட கேட்டை மூடிட்டுத்தான் ஓடும்!"

* * *

மாட்டுப்பட்டி. புழுதி. ஈ. கெயில் எல்லாரையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். சந்துக்குள் 'கர்னல்' என்கிற காளை, இரும்புக் கம்பிகளை முட்டி முட்டி உறுமிக்கொண்டிருந்தது.

விலங்கு போட்ட கெல்வின், பழக்க தோஷத்தில் தன் கேட் அருகே போய் நின்றான். பிடியைப் பற்றினான். அவனுக்குப் பின்னால், கம்பிக்கு வெளியே நொலீன்.

பிரெட் இடப்பக்கப் பட்டிக்குள் வேலையாக இருந்தான். கெயில் வேலியின் மேல்கம்பியில் ஏறி உட்கார்ந்தாள்.

"பிரெட், உன் பேரு நாறிப் போச்சுய்யா!"

"என்னாச்சு?"

"கேரவன் கேட்டைத் தெறந்து போட்டுட்டியாமே! உள்ள இருந்த பொலிகுதிரை மெயின் ரோட்டுக்கு ஓடி, லாரியில அடிபட்டுச் செத்துப் போச்சு. டிரைவர் ஆஸ்பத்திரியில. ஊரே காறித் துப்புது. கேட் மூடத் தெரியாதவன் எல்லாம் ஒரு மேய்ப்பனான்னு!"

பச்சைப் பொய்! குதிரை நிழலில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது.

பிரெட்டின் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அப்படிப் பொத்துக்கொண்டு வந்திருக்காது.

"எவன் சொன்னான்? எங்கப்பன் காலத்துலேர்ந்து எங்க குடும்பத்துல கேட்டைத் தெறந்து போட்டவன் கிடையாது! அதோட, கேட்டு என் வேலையே இல்ல! வண்டியை ஓட்டினது நான்!"



காளைகூட ஒரு நொடி உறுமலை நிறுத்தியது.

"வேலியைத் தாண்டி ஓடி வந்தேன்னு சொன்ன..." கெயில் மெதுவாகக் கேட்டாள். "எந்த வண்டி பிரெட்? பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

பிரெட் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்!

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டோபியின் தோளில் ஒரே கிழி! ரத்தம் பீய்ச்சியது. டோபி மல்லாந்து விழுவதற்குள் அவனுடைய துப்பாக்கி பிரெட்டின் கைக்கு மாறியிருந்தது.

"இறங்குடி கீழே!" துப்பாக்கி முனை கெயிலின் நெஞ்சைப் பார்த்தது.

"கெல்வின்! கேட்டை விடுங்க!" கெயில் கத்தினாள். "இடப்பக்கம்!"

கெல்வின் பிடியை இறுக்கினான்.

அப்போது அவன் காதருகே, வெண்ணெய்யாய் ஒரு குரல்...

"வேணாம் கெல்வின்... கேட்டு உன் பொறுப்பு இல்லை... காத்து பாத்துக்கும், கெல்வின்..."

விரல்கள் தளர்ந்தன. இமை கனத்தது. மழைச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது...

'காத்து பாத்துக்கும்.'

அவன் கண் விழித்துக்கொண்டது.

இன்று காலையில்தான் ரோஸலிண்ட் அதை முதன்முதலாகச் சொன்னாள். அவன் காதுகிட்ட, மெதுவாக. கேரவன் ஜன்னலை ஒட்டி நின்றிருந்தால் ஒழிய, வேறு எந்தக் காதுக்கும் அது கேட்டிருக்காது!

திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த முகம். நொலீன்!

"பக்கத்துல... நீயாடி உக்காந்திருந்தே?"

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். அதுவே போதும்.

கெல்வின் கேட்டை வீசித் தள்ளினான்.

இடம்!

கர்னல் புயலாகப் பாய்ந்தது. பிரெட் திரும்பிச் சுட்டான். குண்டு வானத்துக்குப் போனது. பிரெட் கம்பிக்குப் போனான். காளை அவனை இரும்பு வேலியோடு வைத்து ஒரு முட்டு... இன்னொரு முட்டு... விலா எலும்புகள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தன. மூன்றாவது முட்டுக்கு அவன் கத்தவே இல்லை. வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.

நொலீன் ஜீப்பை நோக்கி ஓடினாள். கெயில் வேலியிலிருந்து அப்படியே அவள் மேல் குதித்தாள். இரண்டு பேரும் சாணியில் உருண்டார்கள். நொலீன் கெயிலின் கன்னத்தைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். கெயில் முழங்கையால் அவள் மூக்கில் ஒன்று போட்டாள். மூக்கு திசை மாறியது.

"ஏண்டி கொன்னீங்க அந்தப் பொம்பளையை?"

"வந்து கேட்டா!" நொலீன் ரத்தத்தைத் துப்பினாள். "மடியில பால் இருக்காம், கன்னு இல்லையாம், அப்படின்னா என்ன நொலீன்னு, சிரிச்சுக்கிட்டே, என் டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டா! கன்னை வித்துட்டு நானும் பிரெட்டும் போயிடலாம்னு இருந்தோம். அவ இவரைக் கேட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் இவருக்கு ஞாபகம் வந்துடாதா?"

"பிரெட் ஒரே அடியில முடிச்சுட்டான்..." என்றாள் கெயில்.

நொலீன் சிரித்தாள். உடைந்த மூக்கோடு சிரித்தாள்!

"பிரெட்டா? அவனுக்குக் கை நடுங்குச்சு. முளையைப் பிடுங்கி அடிச்சது நான்!"

கெல்வின் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். அழுதான். ரோஸலிண்டுக்காகவும், இருபத்திரண்டு வருஷத்துக்காகவும் சேர்த்து அழுதான். நான் கொலைகாரன் இல்லை என்கிற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது.

* * *

டோபியைப் பறக்கும் டாக்டர் சேவையின் ஆம்புலன்ஸ் விமானம் தூக்கிக்கொண்டு போனது. பிரெட்டை ஒரு தார்ப்பாய் மூடியது.

கெயில் ஜீப்பைப் பண்ணையின் வெளிக்கேட்டுக்கு ஓட்டி வந்தாள். பின்னால், கம்பி வலைக்குள் விலங்கோடு நொலீன்.

கேட் அருகே கெல்வின் காத்திருந்தான். விலங்கில்லாத கையால் கேட்டைத் திறந்தான். ஜீப் வெளியேறியதும் மூடினான். சங்கிலியைச் சுற்றி, கொக்கியில் மாட்டி, ஒரு தடவை ஆட்டியும் பார்த்தான்!

கெயில் கன்னத்துக் கட்டைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"வாக்குமூலம் குடுக்கணும், ஏறுங்க. முன்னாடியா, பின்னாடியா? அவசரமில்லை கெல்வின். நிதானமா யோசிச்சு முடிவெடுங்க."

கெல்வின் முன்கதவைத் திறந்து பொத்தென்று உட்கார்ந்தான்.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? பின்னாடி என் பொண்டாட்டி இருக்கா!"