இருபத்தைந்து லிட்டர்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் இருந்தது அந்த வீடு. முன்பக்கம் பழைய ஓடு; பின்பக்கம் மட்டும் புதிதாக ஒரு குளியலறை கட்டிச் சேர்த்திருந்தார்கள். ஐப்பசி மழை. காலை ஆறு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. பகல் பதினொரு மணிக்கே உள்ளே அந்திபோல இருட்டு.

"அஸார் அண்ணனா? வாங்க" என்றாள் மேகலா. போனில் கூப்பிட்டவள் அவள்தான். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன் ராஜராஜன்.

"வெந்நீர் கெய்சர் ஒழுகுதுண்ணே. முன்ன ஒருத்தர் வந்து பசைய அப்பிட்டுப் போனாரு. ஊறுன வடை மாதிரி ரெண்டே நாள்ல விழுந்துடுச்சு. இப்ப குழாயத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது. நாலு வயசுப் புள்ள குளிக்கிற இடம். சரி பண்ண முடியுமா, மாத்தணுமா? அத மட்டும் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் பிடிக்கும். எங்கே ஒழுகுகிறது என்பதுதான் பதில். குழாய் மூட்டில் ஒழுகினால் டேப் சுற்றி முறுக்கினால் போதும். அடிமூடியில் ஒழுகினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். உள்தொட்டியே ஓட்டையாகிவிட்டால் மருந்து கிடையாது. உள்தொட்டிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். வெல்டிங் வைத்தால் அந்தப் பூச்சு வெடித்து, ஓர் ஓட்டை அடைபட்ட இடத்துக்குப் பக்கத்தில் நாலு ஓட்டை பிறக்கும்.

எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தேன். தினசரிக் காலண்டரில் பழைய தாள்களைக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் சுற்றிக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், எந்தத் தாளிலும் ஈரமில்லை. ஆனால் தொட்டியின் வயிற்றுக்குக் கீழே சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"உள்தொட்டி போச்சும்மா. மாத்தித்தான் ஆகணும்."

"மாத்திடுங்க" என்றாள் மேகலா. என் வண்டியில் புதிது ஒன்று இருந்தது.

"மாத்தாதீங்க தம்பி."

குளியலறை வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஜெயபாரதி, மேகலாவின் மாமியார். தோளில் ஒரு துண்டு. "இன்னும் பத்து நாள் ஓடுற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுங்க. அப்புறம் நீங்களே வந்து கழட்டிக்குங்க."

"அத்தை, நீங்க உள்ள போங்க."

நான் அந்த அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். கசிகிற தண்ணீர் ஒயர் மேல் இறங்குகிறது, அதனால்தான் குழாயில் ஷாக் வருகிறது, ஈரக் காலோடு நிற்கும் குழந்தைக்கு அந்தச் சுருக்கே போதும் என்று சொன்னேன். அவர் ஓர் அடி விலகி வழிவிட்டார். அவ்வளவு தெளிவாக நான் சொல்லியிருக்கக் கூடாது.

கெய்சருக்கு ஒரு விதி உண்டு. புகுந்த அளவுதான் வெளியே வரும். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் கீழ்வழியாகப் புகுந்தால்தான், உள்ளே இருக்கும் வெந்நீர் மேல்வழியாகத் தள்ளப்பட்டு வெளியேறும். அதனால் வால்வை மூடினேன். தண்ணீர் உள்ளே போகும் ஓஸ் குழாயையும் கழற்றிவிட்டேன். தொட்டியின் அந்த வாய்க்குக் கீழே வாளியை வைத்தேன். காற்றுப் புக வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டி இருபத்தைந்து லிட்டர். வாளி பதினைந்து. ஒரு வாளி நிறையும், அடுத்ததில் பத்து லிட்டர் வரும்.

முதல் வாளி நிறைந்தது.

இரண்டாவதும் நிறைந்தது.

ஏதோ கணக்குத் தப்பு என்று மூன்றாவதை வைத்தேன். கழற்றிய ஓஸைத் தூக்கிப் பார்த்தேன். அதன் வாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

மூன்றாவதும் நிறைந்தது.

நான்காவது வாளி நிறையும்போது ஆவி பறந்தது. கரண்ட் போய் ஆறு மணி நேரம். தொட்டியைச் சுற்றிப் பஞ்சுபோன்ற உறை இருப்பதால் சூடு நிற்கும்தான். ஆனால் கை வைக்க முடியாத கொதிப்பு எப்படி நிற்கும்?

அப்போதுதான் வாசனை வந்தது. துரு வாசனை இல்லை. இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு வாடையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தவளையை ஊறப்போட்டு வைத்திருந்த கண்ணாடிப் புட்டியின் நெடி.

மேகலாவின் முகம் வெளுத்தது. "அந்தப் பெட்டி வாசனை" என்று முணுமுணுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள்.

நான்காவது வாளியோடு தண்ணீர் நின்றது.

"அவ்வளவுதான்" என்றார் ஜெயபாரதி. "இன்னிக்குக் குளிச்சிட்டான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சிங்கப்பூர்ல வேலைக்குப் போன எடத்துல நெஞ்சு அடைச்சுப் போயிட்டான் தம்பி. இருவது நாள் கழிச்சுப் பெட்டி வந்துச்சு. தொறக்கவே விடல. எண்ணெய் வச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தி அனுப்பணும்ல? பெட்டி மேல ரெண்டு செம்பு தெளிச்சுட்டுத் தூக்கிட்டாங்க. மருந்து வாசனையோடயே போனான். இந்த கெய்சர், லீவுல வந்தப்ப அவனே சொவத்துல ஓட்ட போட்டு மாட்டுனது. காரியம் முடிஞ்ச மறுநாள்லேருந்து ஒழுகுது."

தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தார். அது நனைந்திருந்தது. பிழிந்த முறுக்கு இன்னும் கலையவில்லை.

"தெனமும் காலையில இங்க காய்ஞ்ச துண்டுதான் போடுறேன், இப்படித்தான் எடுக்குறேன். மொதல்ல இங்க நிக்கவே முடியாது, அவ்வளவு நெடி. நாளுக்கு நாள் கொறையுது. இன்னும் பத்து நாள்ல சுத்தமா போயிடும் தம்பி."

எங்கள் வழக்கத்திலும் இறந்தவரின் மய்யத்தைக் குளிப்பாட்டாமல் அடக்குவதில்லை. என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, மாட்டிட்டீங்களா?" கூடத்திலிருந்து மேகலா கேட்டாள். "தயவுசெஞ்சு அத எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே."

விட்டுப்போனால் பிள்ளைக்கு ஆபத்து. எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆபத்துக்குப் பயந்து, போல்ட்டைக் கழற்றினேன். புதியதை மாட்டினேன். பழையதை வண்டியில் ஏற்றும்போது ஜெயபாரதி மழையில் வந்து நின்றார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"கடைக்கும்மா."

"அங்க குளிக்க எடம் இருக்கா?"

"இல்லம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் காலை, ஓட்டை எங்கே என்று பார்த்துவிட ஆசை. தொட்டியின் ஒரு வாயை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, மறுவாய் வழியாக உள்ளே காற்றடித்தேன். ஓட்டை இருந்தால் குமிழி வர வேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஓட்டையே இல்லை. நான் சொன்னது தப்பு.

அடிமூடியைத் திறந்து பார்க்கலாம் என்று ஸ்பேனரை வைத்தேன். ஆறு போல்ட்டில் ஒன்றுகூட அசையவில்லை. திறக்க முடியாதபடி மூடிக்கிடந்தது. வெளிப்பக்கம் சுட்டது. எந்த ஒயரும் அதில் இல்லை. கடை முழுக்க அந்த நெடி, அந்த அம்மா சொன்ன முதல் நாள் போலக் கனமாக.

மேகலாவுக்கு போன் போட்டேன். "ஓட்டை இல்லம்மா. திரும்பக் கொண்டுவந்து மாட்டிடவா?"

"வேணாம்ணே. இப்பதான் புள்ள அந்த ரூமுக்குள்ளயே போகுது" என்று வைத்துவிட்டாள்.

ஜெயபாரதி தினமும் காலையில் மருமகளுக்குத் தெரியாமல் கூப்பிடுகிறார். "தண்ணி குடுத்துப் பாருங்க தம்பி" என்று அவர்தான் சொன்னார். கடைக் குழாயிலிருந்து ஓஸ் கொடுத்தேன். தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் நிறைந்து, மேல்வாய் வழியாக வந்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை போனது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. தரையில் ஈரமில்லை. தூக்கிப் பார்த்தேன். கனமும் ஏறவில்லை. அன்றிலிருந்து ஓஸைக் கழற்றவே இல்லை; தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

புகுந்த அளவு வெளியே வர வேண்டும். எனக்கு இதற்கு மேல் தெரியாது.

இன்றோடு பதினாறு நாள். பக்கத்தில் ஒரு துண்டு போட்டிருக்கிறேன். தினமும் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்தே கிடக்கிறது.

இன்று காலையும் போன் அடித்தது.

"வாசனை கொறைஞ்சுதா தம்பி?"

மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, "கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்மா" என்றேன்.

எனக்குப் பின்னால் ஓஸ் ஒரு முறை உதறியது. தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டது.