கரையாள்

இரண்டு முறை இழுத்தால் இரண்டு முறை பதில் வர வேண்டும். தையற்காரி கயிற்றை லேசாக இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பதிலும் சரியாக இரண்டு முறை வந்தது. தண்ணீருக்குள் இன்னும் யாரும் இறங்கவில்லை என்பது ஒன்றுதான் இடித்தது.

இறங்க வேண்டிய எலக்ட்ரீஷியன் அவளுக்குப் பின்னால் கரையில் உட்கார்ந்து, அட்டை ஏறாமலிருக்கக் காற்சட்டையின் கணுக்காலில் ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மீன் கீன் மாட்டிருச்சா?"

"ஒண்ணுமில்ல. கயிறு ஊறிடுச்சான்னு பாத்தேன்."

வேலைக்கு முன் கயிற்றை ஊறப்போடுவது அந்தக் குழுவின் பழக்கம். காய்ந்த கயிறு இடுப்பை அறுக்கும், முடிச்சும் நழுவும். அதனால் வளையம் போட்ட முனையைக் கால்மணி நேரம் ஏரிக்குள் எறிந்து வைப்பார்கள். அவளும் அப்படித்தான் எறிந்திருந்தாள். பிடியைச் சும்மா இழுத்துப் பார்த்தது ஒரு வருஷத்துக்கு முந்தைய கைப்பழக்கம். வேரில் மாட்டியிருக்கும், ஏரியை மூடிய செடிப்பாய் காற்றில் அசைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று கொஞ்சமும் இல்லை.

அந்த ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சி, கிட்டே வந்தால் அழுகல் நெடி. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஏழெட்டுப் பேர் கூடி அதைப் பிடுங்கிக் கரையேற்றுவார்கள். சம்பளம் கிடையாது, முதுகுவலி மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இரண்டிரண்டு பேராக வேலை. உள்ளே இறங்குகிறவர் நீராள், வெளியே கயிற்றைப் பிடிக்கிறவர் கரையாள். தண்ணீர் என்னவோ நெஞ்சளவுதான், ஆனால் முன்பு எப்போதோ மண் தோண்டிய குழிகள் நடுநடுவே இருந்தன. பாய்க்கு அடியில் கால் நழுவிவிட்டால் கத்தினாலும் வெளியே கேட்காது. அதற்குத்தான் கயிறு. கரையாள் இரண்டு முறை இழுத்தால் "இருக்கியா?" என்று கேள்வி. நீராள் இரண்டு முறை இழுத்தால் "இருக்கேன்" என்று பதில். மூன்று முறை இழுத்தால் வேறு பேச்சே இல்லை, தூக்கிவிட வேண்டும்.

போன வருஷம் அவளுடைய நீராள் அவள் தங்கை. நர்ஸ் வேலை. வீட்டில் அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள், தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். இரவு வேலை முடிந்து வந்து இரண்டு மணிநேரம் தூங்கிவிட்டு, அக்காவையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஏரிக்கு வந்துவிடுவாள். "நீ துணியத் தச்சுத் தச்சுக் கூன் விழுந்து போயிருவ. வா, கொஞ்சம் வெளிக்காத்த வாங்கு" என்பாள். பதில் இழுப்பில்கூட அவளுக்கென்று ஒரு தினுசு உண்டு. முதல் இழுப்பு சட்டென்று, இரண்டாவது கொஞ்சம் நீளமாக. சின்ன வயதில் அக்காவின் சடையை அப்படித்தான் இழுப்பாள்.

அன்று தங்கை உள்ளே இருந்தபோது கைப்பேசி அடித்தது. அவசரமாகச் சட்டை கேட்ட ஆள். கரையோரம் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதால், கயிற்றை இரும்புக் கம்பத்தில் சுற்றிவிட்டு மேட்டின்மேல் ஏறினாள். இரண்டு நிமிஷம் என்று போனவள் எட்டு நிமிஷம் பேசிவிட்டாள், காலரைப் பற்றி. திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்து இரண்டு முறை இழுத்தாள். பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது. அதன்பின் முக்கால் மணிநேரம் கையை எடுக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் பதில் வந்துகொண்டே இருந்தது. வேலை முடிந்ததென்று விசில் ஊதியபின் இழுத்தபோது வெறும் வளையம்தான் வந்தது.

தீயணைப்புக்காரர்கள் பொழுது சாய்ந்து உடலை எடுத்தார்கள். விசில் ஊதுவதற்கு முக்கால் மணிநேரம் முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம்கூடக் கைய எடுக்கல" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சொன்னபின் அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? கம்பத்தைச் சொல்லாமல் அந்தப் பதில்களைப் பற்றியும் சொல்ல முடியவில்லை. பழி முழுவதும் குழுவை நடத்திய ஓய்வுபெற்ற தபால்காரர் தலையில் விழுந்தது. கேப்டன் என்று எல்லாரும் ஆசையாகக் கூப்பிட்ட மனுஷன். அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்றார்கள். கடைத்தெருவில் முகம் கொடுத்துப் பேசக்கூட ஆளில்லாமல் போனது அவருக்கு. ஒரு வருஷம் கழித்து, ஏரி முழுக்க மறுபடி மூடிப்போன பிறகு, அவரே அவள் வாசலில் வந்து நின்றார்.

"வர இஷ்டமில்லன்னா வேணாம்மா. ஆனா கயிறு பிடிக்க உன்ன மாதிரி ஆள் இல்ல."

அந்த வார்த்தை அவளைக் கொன்றுபோட்டது. வருகிறேன் என்றாள். இன்றைக்கு எப்படியாவது அவரைத் தனியாக நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். வந்ததிலிருந்து மூன்று தடவை வாயைத் திறந்து மூடிவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினான். "யம்மாடி, ஐஸ் பொட்டி!" என்று அலறிச் சிரித்தான். பச்சைப் பாய் அவனுக்கு வழிவிட்டு, பின்னாலேயே சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் அவன் தலைகூடத் தெரியவில்லை. செடியைப் பிய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது, வேர் அறுபடும் நறநறப்பு, சேற்றிலிருந்து கொப்புளம் கிளம்பி உடையும் சத்தம். வானம் மூடிக்கொண்டு வந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் செடிகளின் அடியில் இருட்டு தங்க ஆரம்பித்திருந்தது.

இழுத்தாள். இரண்டு. முரட்டுத்தனமாக இரண்டு வந்தது, எலக்ட்ரீஷியன் கைதான். மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு வந்தது. மெதுவாக. சட்டென்று ஒன்று, நீளமாக ஒன்று.

அவள் விரல்கள் இருபது வருஷமாக நூலைப் பிடித்த விரல்கள். துணிக்குள் நூல் எங்கே சிக்குகிறது, எங்கே நழுவுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். இதில் அவை ஏமாறாது. ஏமாந்திருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. தவளைகள் எப்போது சத்தத்தை நிறுத்தின என்று தெரியவில்லை. செடி பிய்க்கிற சத்தமும் நின்றிருந்தது.

"தம்பி!" என்று கத்தினாள். "இருக்கியா?"

"இங்க இருக்கேன்க்கா!"

குரல் பின்னாலிருந்து வந்தது. எலக்ட்ரீஷியன் கையில் டீத் தம்ளரோடு மேட்டில் நின்றுகொண்டிருந்தான், சொட்டச் சொட்ட.

"கயிறு வேர்ல சுத்திக்கிச்சுக்கா. கழட்டிப் போட்டுட்டு அந்தப் பக்கமா ஏறி வந்துட்டேன். கத்துனேனே, கேக்கலியா?"

"அப்போ உள்ள யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? எல்லாரும் ஏறியாச்சு."

கேப்டன் வந்தார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். ஏழு பேர். ஏழு பேரும் கரையில். பழைய பயத்தில் இன்னொரு தடவையும் எண்ணினார்.

அவள் கையில் கயிறு இழுபட்டது. ஒன்று. நீளமாக இன்னொன்று.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் வந்தால் அது பதிலில்லை. அங்கிருந்து கேட்கிறார்கள். இருக்கியா?

"கேப்டன்" என்றாள். "நான் பொய் சொன்னேன். அன்னைக்குக் கயித்தக் கம்பத்துல கட்டிட்டுப் போன் பேசப் போயிட்டேன். எட்டு நிமிஷம். நீங்க பட்ட பேச்செல்லாம் என்னால. எந்தங்கச்சி மூணு தடவ இழுத்திருப்பா. கைதான் இல்ல."

அவர் ஏரியைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும், வரட்டும் என்று காத்திருந்தாள்.

"தெரியும்மா" என்றார். "கம்பத்துல கயிறு கெடந்தத எதிர்க்கரையிலேர்ந்து பாத்தேன். நீ பக்கத்துலதான் நிப்பேன்னு விட்டுட்டேன். தங்கச்சியையும் பறிகுடுத்துட்டு இதையும் நீ எப்படிச் சுமப்ப? எனக்கு வயசாயிடுச்சு. போனாப் போகுது, என் தலையில இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனுஷனையா ஒரு வருஷம் தெருவில் தலைகுனிந்து நடக்க விட்டோம் என்று நெஞ்சு வெடித்தது.

"ஆனா பதில் வந்துச்சு கேப்டன். திரும்பி வந்தப்புறம் முக்கா மணி நேரம். நான் கேக்கக் கேக்க இருக்கேன் இருக்கேன்னு பதில் வந்துச்சு."

அவர் முகம் மாறியது. "முக்கா மணி நேரமா?" என்றவர், அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அது விறைத்து நின்றது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"விடும்மா அத" என்றார்.

அவள் தூக்க ஆரம்பித்தாள். கை மாற்றிக் கை. கனம். நீர் குடித்த துணிமூட்டையின் கனம். கால் சேற்றில் புதைந்தது. எலக்ட்ரீஷியன் "கட்டைக்கா, ஏதோ கட்டை" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பாய் விலகியது. வேர்கள் பிரிந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. இருபதடி. பத்தடி. அழுகல் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, ஆஸ்பத்திரி சோப்பு. வேலை முடிந்து வந்து அவள்மேல் சாய்ந்து தூங்குகிறவளின் வாசனை.

வளையம் வெளியே வந்தது. வெறும் வளையம்.

ஆனால் அது தண்ணீரில் மிதக்கவில்லை. ஒரு பெண்ணின் இடுப்பு உயரத்தில், வட்டம் கலையாமல், அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து சேற்றுநீர் இரண்டு கோடாக வழிந்து கீழே இறங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. இருபத்தாறு இஞ்ச். அளவுநாடா வேண்டாம், தங்கையின் இடுப்புக்கு அந்த அளவில் எத்தனையோ தைத்திருக்கிறாள்.

யாரோ கத்தினார்கள். ஓடுகிற காலடிகள். அவளால் திரும்ப முடியவில்லை.

வளையம் கரையேறியது. ஒரு எட்டு. நின்றது. இன்னொரு எட்டு. சேற்றில் தடம் எதுவும் விழவில்லை, ஈரம் மட்டும் சொட்டியது. கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். வளையம் நடுங்கிக்கொண்டிருந்தது. வெடவெடவென்று. ஒரு வருஷக் குளிர்.

"வாத்து" என்றாள். "வந்துட்டேன்டி. போன் பேசிட்டு வந்துட்டேன்."

வளையம் தளர்ந்தது. மெல்ல விரிந்தது. இரண்டு இடுப்பு கொள்ளும் அளவுக்கு. மேலே எழும்பி, அவள் தலைக்கு மேல் வந்து, தோளை உரசி, கைகளைத் தாண்டி, இடுப்புக்கு இறங்கியது. இறுகியது. அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஈரமாக, சில்லென்று, ஒரு உடம்பு. அதன் நெற்றி அவள் கழுத்தில் பதிந்தது. அது தண்ணீர்ப்பக்கம் ஒரு எட்டு வைத்தது. அவளும் வைத்தாள். கையிலிருந்த பிடி நழுவி விழுந்தது.

"கேப்டன்" என்றாள். "கயித்தப் பிடிங்க."

தண்ணீர் முட்டியைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது. பாய் இரண்டு பேர் அகலத்துக்கு விலகி வழிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். கேப்டன் குனிந்திருந்தார், கை நீட்டியபடி. அவர் கால்மாட்டில் கயிற்றின் மறுமுனை சேற்றைக் கிழித்துக்கொண்டு மெதுவாக ஏரியை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் கை அதற்கு ஒரு சாண் மேலேயே நின்றது. தொடவில்லை.